சீசனுக்கு வந்தவங்க சீசன் முடிஞ்சும் நம்மகிட்ட வாங்கணும்னா: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தப் பத்தித்தான். மலைல இருந்து ஆன்லைன்ல பொருள் விக்கிறவங்க கஸ்டமரோட ஈமெயில் அட்ரஸ வாங்கி சேத்து வெக்கணுமா, அதுல என்ன பிரயோஜனம், எப்படிச் செய்யறதுன்னு. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் கொடைக்கானல்ல வீட்லயே சாக்லேட் செஞ்சு விக்கிறேன், கூடவே யூகலிப்டஸ் தைலமும் இருக்கு. இன்ஸ்டாகிராம்ல 11 ஆயிரம் ஃபாலோயர்ஸ் இருக்காங்க. பெங்களூர்ல இருக்கிற என் சித்தி பொண்ணு, ஃபாலோயர்ஸ நம்பாத, வாங்கினவங்களோட மெயில் ஐடிய சேத்து வைன்னு சொல்லிட்டே இருக்கா. இந்தக் காலத்துல யாருக்கா மெயில் எல்லாம் பாக்குறாங்க? ஃபாலோயர்ஸ் போதாதா?
(வாசகி, கொடைக்கானல்)

பதில்: போதாதும்மா. உங்க சித்தி பொண்ணு சொல்றது சரி.

அந்த 11 ஆயிரம் பேர்ல எத்தன பேர் உங்ககிட்ட காசு குடுத்து ஒரு டப்பா சாக்லேட்டாவது வாங்கினாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. மூடுபனி வீடியோவுக்கு லைக் போட்டவங்க வேற, உங்க பொருள வாயில போட்டுப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னவங்க வேற, இந்த ரெண்டாவது கூட்டம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் உங்க தொழில் அவங்கள வெச்சுத்தான் ஓடுது. ஆனா நீங்க போஸ்ட் போட்டா அவங்க கண்ணுல படுமா படாதான்னு முடிவு பண்றது இன்ஸ்டாகிராம். 2016 வரைக்கும் போட்ட வரிசைப்படிதான் எல்லாருக்கும் தெரிஞ்சிட்டு இருந்துச்சு, அதுக்கப்புறம் யாருக்கு எத காட்டணும்னு அவங்க கணக்குப் போட்டுக் காட்டுறாங்க. போன வருஷம் உங்ககிட்ட வாங்கின திருச்சிக்காரம்மாவுக்கு உங்க புது போஸ்ட் தெரியணும்னா நீங்க அதுக்கும் தனியா பணம் கட்டி பூஸ்ட் போட வேண்டி வருது, ஏற்கெனவே உங்களுக்குத் தெரிஞ்ச ஆளப் போய்ப் பாக்கறதுக்கே காசு.

இன்னொண்ணு. 2020 ஜூன் 29 ஞாபகம் இருக்கா, அன்னைக்குத்தான் 59 சைனா ஆப்ப மத்திய அரசு தடை பண்ணாங்க, அதுல டிக்டாக்கும் போச்சு. அதுல லட்சக்கணக்குல ஃபாலோயர்ஸ் வெச்சிருந்தவங்களுக்கு அடுத்த நாள் ஒருத்தர்கிட்டயும் போய் நான் இப்ப இங்க இருக்கேன்னு சொல்ல வழியில்ல. யார் மேலயும் தப்பு சொல்ல இதச் சொல்லல, நம்ம கைல இல்லாத இடத்துல நம்ம கஸ்டமர் எல்லாரையும் வெச்சிருந்தா ஒரு ராத்திரில இப்படி ஆகலாம்ங்கறதுக்காகச் சொல்றேன். 2021 அக்டோபர் 4 அன்னைக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணுமே ஆறு மணி நேரம் போல படுத்துருச்சு, அது திரும்பி வந்துருச்சு, சரி. ஆனா உங்க அக்கவுண்ட யாராவது ஹேக் பண்ணிட்டா, இல்ல ஏதோ ஒரு புகார்ல முடக்கிட்டா, அந்த 11 ஆயிரம் பேர எப்படித் திரும்பப் பிடிப்பீங்க?

மெயில் யாரோட சொத்தும் இல்ல. 1971ல கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மெயில் போக ஆரம்பிச்சதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஜிமெயில்ல இருந்து யாஹூவுக்கும் போகுது, யாஹூல இருந்து இன்னொண்ணுக்கும் போகுது. நீங்க அனுப்புற கம்பெனிய மாத்திக்கிட்டாலும் அட்ரஸ் உங்ககிட்டயே இருக்கும். யாரு பாக்குறான்னு கேட்டீங்கல்ல, ரயில் டிக்கெட், பேங்க் ஸ்டேட்மென்ட், ரூம் புக்கிங், பசங்க ஸ்கூல் சர்க்குலர் எல்லாம் அங்கதான் வருது. கொடைக்கானலுக்கு ரூம் போட்டு வர்ற குடும்பத்துல கண்டிப்பா ஒருத்தர் தினமும் மெயில் பாக்குறவரா இருப்பாரு.

இதுக்கெல்லாம் மேல நம்ம மலைக்குன்னு ஒரு காரணம் இருக்கு, எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது. சமவெளில கடை வெச்சிருக்க அண்ணாச்சிக்கு எந்த வீட்டுக்கு என்ன மாசம் என்ன தீரும்னு கணக்கு நோட்டுல இருக்கும், அதே ஜனங்க திரும்பத் திரும்ப வருவாங்க. நமக்கு அப்படி இல்ல, ஏப்ரல் மே மாசம் வர்றவங்கள ஒரே ஒரு தடவ பாக்குறோம், அவங்க வாங்கிட்டு வத்தலக்குண்டு பக்கம் இறங்கிட்டா அதோட போச்சு, தைலம் தீந்தப்புறம் பாட்டில்ல இருக்கிற பேரப் பாத்து நம்மளத் தேடுறவங்க ரொம்பக் கம்மி, பக்கத்து மருந்துக்கடைல வேற ஒண்ண வாங்கிடுவாங்க. இப்ப ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து இ-பாஸ் (மலைக்கு வர்ற வண்டிக்கு ஆன்லைன்ல பதிஞ்சு வாங்குற அனுமதி) வேற வந்துருச்சு, 2025 சீசனுக்கு கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு கணக்கும் போட்டாங்க. மலைக்கு அது நல்லதுதான், ரோடு தாங்க வேண்டாமா. ஆனா மேல வர்ற கூட்டத்த மட்டும் நம்பி கடை நடத்துறவங்க, வந்து போனவங்க வீட்ல இருந்தே வாங்கறதுக்கு ஒரு வழி வெச்சிருக்கணும்னு இது நல்லாவே சொல்லுது. மழைக்காலத்துல ரோட்டுல மண்ணு சரிஞ்சா அந்த வாரம் கடைக்கு ஆளே வராது, உங்க லிஸ்ட்டுல இருக்கிறவங்க அப்பவும் இருப்பாங்க.

இன்ஸ்டாகிராம விட்டுறாதீங்க. புதுசா ஆளு வர்றது அங்க இருந்துதான். வந்தவங்கள மெயில் லிஸ்ட்டுக்குக் கொண்டு வர்றதுதான் அடுத்த வேல.

கேள்வி: பூம்பாறைல எங்களுக்குப் பூண்டு விவசாயம். என் பையன் ஒரு பெரிய ஆன்லைன் தளத்துல மலைப்பூண்டு போட்டு விக்கிறான், நல்லாப் போகுது, ஸ்டாரும் நாலுக்கு மேல. அங்க வாங்கினவங்க எல்லாம் எங்க கஸ்டமர்தானே, தனியா எதுக்கு லிஸ்ட்?
(வாசகர், பூம்பாறை)

பதில்: ஐயா, வருத்தப்படாதீங்க, அவங்க அந்தத் தளத்தோட கஸ்டமர். அமேசான் மாதிரி இடத்துல வாங்கினவரோட உண்மையான மெயில் ஐடியே உங்க பையன் கைக்கு வராது, மறைச்ச ஒரு அட்ரஸ்தான் வரும், அதுக்கும் ஆர்டர் சம்பந்தமாத்தான் எழுதலாம், விளம்பரம் அனுப்பக் கூடாதுன்னு விதி வெச்சிருக்காங்க. பார்சல்ல சீட்டு வெச்சு எங்க சைட்டுக்கு வாங்கன்னு கூப்பிடறதும் விதிக்கு விரோதம், கணக்க நிறுத்திடுவாங்க, அதனால அந்த வழியில போகாதீங்க.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது, நமக்கெல்லாம் பெருமைதான், ஆனா அதுக்கப்புறம் எந்தப் பூண்டுக்கும் அந்தப் பேர ஒட்டி விக்கிறவங்களும் வந்துட்டாங்க. அந்தத் தளத்துல தேடுற ஆளுக்கு உங்க பூண்டும் அவங்க பூண்டும் பக்கத்துப் பக்கத்துல, பத்து ரூபா கம்மியா இருக்கிறது மேல நிக்கும். ஒரு தடவ உங்க பூண்ட உரிச்சுக் கொழம்புல போட்டு அந்தக் காரத்தையும் வாசனையையும் பாத்தவங்களுக்கு வித்தியாசம் தெரியும், ஆனா அவங்க அடுத்த தடவ உங்களையே எப்படிக் கண்டுபிடிப்பாங்க? அதுக்குத்தான் லிஸ்ட். அந்தத் தளத்துல வியாபாரம் நடக்கட்டும். கூடவே சொந்தமா சின்னதா ஒரு ஆர்டர் பக்கம் வெச்சு, மதுரை திண்டுக்கல் கண்காட்சில ஸ்டால் போடுறப்ப, தோட்டத்தப் பாக்க வர்றவங்ககிட்ட, கோயிலுக்கு வந்துட்டு வீட்டு வாசல்ல நின்னு பூண்டு வாங்குறவங்ககிட்ட நீங்களே கேட்டு சேருங்க. மெதுவாத்தான் சேரும்.

கேள்வி: எல்லாம் சரிங்கக்கா, அதான் வாட்ஸ்அப் இருக்கே? மெயிலுக்குப் பதிலா நம்பர வாங்கி பிராட்காஸ்ட் போட்டா போதாதா? நான் காப்பிப் பொடி அரைச்சு அனுப்புறேன்.
(வாசகர், பண்ணைக்காடு)

பதில்: தம்பி, வாட்ஸ்அப் வேணும்தான், ஆர்டர் பேசறதுக்கு, பணம் வந்துச்சான்னு பாக்க, பார்சல் போட்டோ அனுப்ப அத விட்டா வேற எதுவும் இவ்வளவு சுளுவா இருக்காது. ஆனா பிராட்காஸ்ட் லிஸ்ட்டுல 256 பேருக்கு மேல போட முடியாது, அதுலயும் உங்க நம்பர அவங்க போன்ல சேவ் பண்ணி வெச்சிருந்தாத்தான் மெசேஜ் போய்ச் சேரும். ஒரு தடவ காப்பிப் பொடி வாங்கினவரு உங்க நம்பர சேவ் பண்ணுவாரா? பெரும்பாலும் பண்ண மாட்டாரு. நிறைய பேருக்கு அனுப்பணும்னா கம்பெனிகளுக்குன்னு இருக்கிற வாட்ஸ்அப் வழியா போகணும், அதுல விளம்பர மெசேஜ் ஒவ்வொண்ணுக்கும் காசு. நாலு பேர் பிளாக் பண்ணி ரிப்போர்ட் அடிச்சா நம்பரே முடங்கவும் கூடும், அந்த நம்பர்லதான் உங்க மொத்த ஆர்டரும் ஓடிட்டிருக்கும்.

அதவிட எனக்குத் தோணுற விஷயம் இது. வாட்ஸ்அப்ங்கறது வீட்டு ஆளுங்க, சொந்தக்காரங்க, ஆபீஸ் குரூப் எல்லாம் இருக்கிற இடம், அங்க கடைக்காரர் வாராவாரம் எட்டிப் பாத்தா ஜனங்களுக்கு எரிச்சல் வருது. மெயில்ல அப்படி இல்ல, அவங்களுக்கு நேரம் இருக்கிறப்ப திறந்து படிப்பாங்க, மூணு மாசம் கழிச்சு தேடி எடுத்துக்கூட ஆர்டர் போடுவாங்க. காப்பி மாதிரி சொல்றதுக்கு விஷயம் இருக்கிற பொருளுக்கு மெயில்தான் தோது.

கேள்வி: ஏரி பக்கம் எங்களுக்கு ஒரு சின்னக் கடை, ஆன்லைன்லயும் விக்கிறோம். மே மாசம் நிக்கக்கூட நேரமில்லாத கூட்டம், அதுல ஒவ்வொருத்தர்கிட்டயும் மெயில் ஐடி எப்படிம்மா கேக்குறது? இன்னொண்ணு, எங்க வீட்டு மாடில ஹோம்ஸ்டே இருக்கு, தங்கினவங்க அட்ரஸ் எல்லாம் ரெஜிஸ்டர்ல இருக்கு, அத எடுத்துக்கலாமா?
(வாசகி, கொடைக்கானல்)

பதில்: ரெண்டாவதுக்கு முதல்ல சொல்லிடுறேன். எடுத்துக்கக் கூடாதும்மா. அவங்க ரூமுக்காகக் குடுத்த விவரம் அது, தைலம் விக்கிறதுக்குக் குடுக்கல. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்றதும் இதேதான், எதுக்காகன்னு தெளிவாச் சொல்லி, அவங்க தானா சம்மதிச்சு, அந்தக் காரியத்துக்கு மட்டும் பயன்படுத்தணும், சம்மதம் குடுக்கறது எவ்வளவு சுளுவோ அத வாபஸ் வாங்கறதும் அவ்வளவு சுளுவா இருக்கணும். சட்டத்த விடுங்க, ரூம் காலி பண்ணிட்டுப் போறப்ப, எங்க வீட்டுப் பொருள் எல்லாம் ஆன்லைன்ல இருக்கு, ப்ளம்ஸ் காய்க்கிறப்ப சொல்லட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டா யாரு வேணாம்பாங்க? ரெண்டு நாள் உங்க வீட்ல தங்கி உங்க கைச் சாப்பாடு சாப்பிட்டவங்க அவங்க, உங்க லிஸ்ட்டுல இருக்கப் போறதுலயே நல்ல கஸ்டமர் அவங்களாத்தான் இருப்பாங்க. கேட்டு வாங்குங்க.

இப்ப கடைக்கு வருவோம். எல்லார்கிட்டயும் கேக்க வேணாம். தைலம் ஒரு பாட்டில் வாங்கறவர விட்டுருங்க, ரெண்டு நிமிஷம் நின்னு இது எந்தத் தோட்டம், எப்படி எடுக்குறீங்கன்னு கேக்குறாங்க பாருங்க, அவங்ககிட்ட மட்டும் கேளுங்க. பில் போடுற இடத்துல ஒரு கியூஆர் கோடு ஒட்டி வைங்க, ஸ்கேன் பண்ணா ஒரு சின்ன ஃபார்ம் திறக்கட்டும், பேர், மெயில், ஊர், என்ன வாங்கினாங்க, தமிழா இங்கிலீஷா, அவ்வளவுதான், பொறந்த தேதி கல்யாண நாள் எல்லாம் கேட்டா பாதில விட்டுட்டுப் போயிடுவாங்க. மே மாசம் சனிக்கிழமைல நம்ம ஊர்ல டவர் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், அதனால பக்கத்துல ஒரு நோட்டும் பேனாவும் கட்டாயம் வேணும். நோட்டுல எழுதுறப்ப பெரிய எழுத்துல பிரிச்சுப் பிரிச்சு எழுதச் சொல்லுங்க, ஒரு புள்ளி, ஒரு எழுத்து மாறினாலும் மெயில் போகாது. அன்னைக்கு ராத்திரியே, கடைக்கு வந்ததுக்கு நன்றி, இந்த மாதிரி எப்பவாச்சும் எழுதுவோம்னு ரெண்டு வரி அனுப்பிடுங்க. போகாத அட்ரஸ் எதுன்னு அப்பவே தெரிஞ்சிடும், அவங்களுக்கும் உங்க முகம் மறந்திருக்காது. ஆறு மாசம் கழிச்சு முதல் மெயில் போனா இது யாருன்னு ஸ்பேம்ல, அதான் குப்பை மெயில் பெட்டில, தள்ளிடுவாங்க.

சைட்டுல ஆர்டர் எடுக்குறப்பவும் கவனிங்க. பில்லு, பார்சல் விவரம் அனுப்ப மெயில் வாங்கறது வேற, பின்னாடி விக்கிறதுக்கு எழுதறது வேற. அதுக்குத் தனியா ஒரு கட்டம் வெச்சு அவங்களே டிக் போடட்டும், நீங்களே டிக் போட்டு வெக்காதீங்க.

மெயில் குடுத்தா பத்து பர்சன்ட் தள்ளுபடின்னு போர்டு வெக்கிற வழக்கம் எனக்குப் பிடிக்கல. தள்ளுபடிக்கு வர்றவங்க தள்ளுபடி முடிஞ்சதும் போயிடுவாங்க, நமக்கு லாபமே அந்தப் பத்து பர்சன்ட்டுலதான் இருக்கு. அதுக்குப் பதிலா, ப்ளம்ஸ் எந்த வாரம் பறிக்கிறோம்னு முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவோம்னு எழுதி வைங்க. மலைப் பொருளுக்கு அதுதான் சரியான கூலி.

கேள்வி: லிஸ்ட்ல 300 பேர் சேந்துட்டாங்க அக்கா. காப்பி, மிளகு, பட்டர் ஃப்ரூட், மலைவாழை எல்லாம் எங்க தோட்டத்துலயே இருக்கு. ஆனா மெயில்ல என்ன எழுதறதுன்னே தெரியல. ரெண்டு தடவ "ஆஃபர் ஆஃபர்"னு போட்டேன், ஒருத்தரும் வாங்கல, ஏழெட்டுப் பேர் வேணாம்னு விலகிட்டாங்க.
(வாசகி, தாண்டிக்குடி)

பதில்: இந்த மாசம் வந்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான், ஏன்னா தாண்டிக்குடி தோட்டத்துல எழுதறதுக்கு விஷயம் இல்லன்னா வேற எங்க இருக்கும்?

ஆஃபர்னு யார் வேணா எழுதலாம். மெட்ராஸ்ல பிளாட்ல உக்காந்திருக்க ஒருத்தருக்கு, இந்த வாரம் காப்பிச் செடில பூ பூத்துருக்கு, மல்லியப்பூ மாதிரி மணக்குது, இதுல இருந்து பழம் வந்து பறிக்கிறதுக்கு டிசம்பர் ஜனவரி ஆயிடும்னு ஒரு போட்டோவோட எழுதிப் பாருங்க. அதுல விக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல, ஆனா டிசம்பர்ல நீங்க பறிக்க ஆரம்பிச்சுட்டோம்னு எழுதறப்ப அந்தக் காப்பிய அவங்க மாசக்கணக்கா எதிர்பாத்திருப்பாங்க.

நம்ம மலையில எல்லாத்துக்கும் ஒரு மாசம் இருக்குல்ல, அதையே மெயிலுக்கு நாள் குறிக்கிற காலண்டரா வெச்சுக்கோங்க. ப்ளம்ஸ் மே ஜூன் பக்கம், பேரிக்காய் அதுக்கப்புறம், காப்பி குளிர் மாசத்துல, அதோட ஒட்டி மிளகு. உங்க தோட்டத்துல எது எப்பன்னு உங்களுக்குத்தான் சரியாத் தெரியும், உயரம் மாறினா மாசமும் மாறும். மாசத்துக்கு ஒரு மெயில் போதும், அறுவடை நேரத்துல ரெண்டு. எழுத ஒண்ணும் இல்லன்னா அந்த மாசம் விட்டுருங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

லிஸ்ட்டோட உண்மையான பலம் பழத்துலதான் தெரியும். ப்ளம்ஸோ பட்டர் ஃப்ரூட்டோ பறிச்சாச்சுன்னா நாள எண்ணிக்கிட்டேதான் விக்கணும், மண்டிக்கு ஏத்தினா அன்னைக்கு என்ன ரேட்டோ அதான், கமிஷனும் போகும். முன்னாடியே லிஸ்ட்டுக்கு எழுதி, அடுத்த வாரம் செவ்வாக்கிழமை பறிக்கிறோம், ரெண்டு கிலோ பெட்டி, யாருக்கு வேணும்னு கேட்டு, பணம் வந்த பெட்டி எண்ணிக்கைக்கு மட்டும் தனியாப் பறிச்சு அன்னைக்கே கூரியர்ல போட்டா வீணாப் போறது கம்மி, விலையும் நீங்க வெச்ச விலை. 300 பேர்ல 20 பேர் வாங்கினாலும் 40 கிலோ, சின்னத் தோட்டத்துக்கு அது நல்ல ஆரம்பம். மீதி மண்டிக்குப் போகட்டும்.

தீந்து போற பொருளுக்கு வேற கணக்கு. கால் கிலோ காப்பிப் பொடி ஒரு வீட்ல மூணு நாலு வாரத்துக்கு மேல தாங்காது, அரைச்ச பொடி நாளாக நாளாக வாசனையும் போயிடும். அதனால யார் எப்ப வாங்கினாங்கன்னு லிஸ்ட்ல ஒரு கட்டத்துல எழுதி வெச்சுட்டு, தீர்ற நேரத்துல, பொடி முடிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன், புதன்கிழமை அரைக்கிறோம், அனுப்பட்டுமான்னு அவங்களுக்கு மட்டும் எழுதுங்க. 300 பேருக்கும் ஒரே மெயில் போட வேணாம்ங்கறது இதுக்குத்தான். பட்டர் ஃப்ரூட் வாங்கினவருக்கு மிளகு வேணுமோ என்னவோ, காப்பி வாங்கினவருக்குக் காப்பி கண்டிப்பா வேணும்.

விக்க முடியாததையும் எழுதுங்க. மேல முதல் கேள்வி கேட்டவங்களுக்கும் சேத்துச் சொல்றேன், மே மாச வெயில்ல சாக்லேட் பார்சல் கீழ இறங்கினா கரைஞ்சுதான் போய்ச் சேரும், இந்த மாசம் அனுப்ப மாட்டோம், ஜூலைல கேளுங்கன்னு ஒரு மெயில் போடுங்க. இந்தத் தடவ மழை ஜாஸ்தியாகி மிளகு கொட்டிருச்சுன்னா அதையும் அப்படியே சொல்லுங்க. இப்படி எழுதுறவங்க நாளைக்கு இது நல்லாருக்குன்னு சொன்னா ஜனங்க நம்புவாங்க.

தலைப்பு வரில விஷயத்தச் சொல்லிடுங்க, "தாண்டிக்குடி காப்பி, இந்த வாரம் வறுக்கிறோம்" போதும். எல்லாத்தையும் ஒரு பெரிய படமா அடிச்சு அனுப்பாதீங்க, எழுத்தா இருக்கட்டும், நடுவுல ஒண்ணு ரெண்டு போட்டோ, டவர் இல்லாத இடத்துலயும் திறக்கணும். கடைசில, இதுக்கே பதில் எழுதினா எனக்கு வரும்னு சொல்லிட்டு, பதில் வந்தா நீங்களே பேசுங்க. அந்த ஏழெட்டுப் பேர் விலகினதுக்குக் கவலப்படாதீங்க, வேணாம்னு நினைக்கிறவங்க சத்தமில்லாம விலகறது அவங்க உங்கள ஸ்பேம்னு அமுக்கறதவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: கோத்தகிரில இருந்து எழுதுறனுங்க. ஆர்த்தடாக்ஸ் டீ விக்கிறேன். என்னோட ஜிமெயில்ல இருந்தே எல்லாரையும் பிசிசில (ஒருத்தர் அட்ரஸ் இன்னொருத்தருக்குத் தெரியாத மாதிரி) போட்டு ஒரே மெயிலா அனுப்பறனுங்க, பாதிப் பேருக்கு ஸ்பேம்ல போகுதுங்கறாங்க. என்னங்க பண்றது?
(வாசகர், கோத்தகிரி)

பதில்: சாதா ஜிமெயில் வியாபாரத்துக்கு மொத்தமா அனுப்பறதுக்கு இல்லைங்க தம்பி, ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல போகவும் போகாது, பிசிசில ஒரே மாதிரி மெயில் நிறைய போனாலே சந்தேகப்பட்டு ஸ்பேம்ல தள்ளும், வேணாம்னு விலகறதுக்கு அதுல பட்டனும் இல்ல. உங்க கடை பேர்ல ஒரு டொமைன் (இன்டர்நெட்ல உங்களுக்குன்னு இருக்கிற முகவரிப் பேர்) வாங்குங்க, வருஷத்துக்கு ஆயிரம் ரூபா பக்கம் ஆகும், அந்தப் பேர்லயே மெயில் ஐடி வெச்சுக்கோங்க. அனுப்பறதுக்கு ஸோஹோ கேம்பைன்ஸ், மெயில்சிம்ப், பிரெவோ, மெயிலர்லைட்னு நிறைய இருக்கு, சின்ன லிஸ்ட்டுக்கு இலவசமாவே ஆரம்பிக்கலாம், எது சுளுவா இருக்கோ அத எடுங்க.

அதுல சேந்ததும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு மூணு விஷயம் உங்க டொமைன்ல போடச் சொல்லுவாங்க. இந்த மெயில் உண்மையாவே உங்க கடைல இருந்துதான் வருதுன்னு ஜிமெயில்காரங்களுக்குக் காட்டுற அத்தாட்சி அது. 2024 பிப்ரவரில இருந்து கூகுளும் யாஹூவும் இதுல கண்டிப்பா இருக்காங்க, ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்பறவங்களுக்கு மூணும் கட்டாயம், ஒரே க்ளிக்ல விலகற வசதியும் கட்டாயம், ஸ்பேம்னு வர்ற புகார் 0.3 சதவீதத்த எட்டக் கூடாதுன்னும் சொல்லிருக்காங்க. நம்ம லிஸ்ட் அவ்வளவு பெருசு இல்லதான், இருந்தாலும் மூணையும் போட்டுட்டா மெயில் ஒழுங்காப் போய்ச் சேரும். கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன் யாராவது கூட உக்காந்தா ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும்.

எத்தன பேர் திறந்தாங்கன்னு காட்டுற நம்பர ரொம்ப நம்பாதீங்க. 2021ல இருந்து ஆப்பிள் போன்ல மெயில் தானாவே திறந்த மாதிரி கணக்கு காட்டுற வசதி வந்துருச்சு. ஆர்டர் எத்தன வந்துச்சு, பதில் எத்தன வந்துச்சு, அத எண்ணுங்க. அப்புறம் உங்க ஊர்ல குளிர் மாசத்துல எடுக்கிற ஃப்ராஸ்ட் டீ இருக்கே, அத லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்கு மட்டும் முதல்ல சொல்லிப் பாருங்க, கம்மியாத்தான் கிடைக்கும், தேடி வாங்குவாங்க.

கேள்வி: ஒருத்தர் 50 ஆயிரம் மெயில் ஐடி இருக்கிற ஃபைல் மூவாயிரம் ரூபாக்குத் தர்றேங்கறாரு. வாங்கலாமா?
(வாசகர், பெருமாள்மலை)

பதில்: வாங்காதீங்க. அதுல இருக்கிற ஒருத்தருக்கும் உங்களத் தெரியாது, ஒருத்தரும் உங்களுக்கு சம்மதம் குடுக்கல, பாதி அட்ரஸ் செத்துப் போனதா இருக்கும், மீதிப் பேர் ஸ்பேம்னு அமுக்குவாங்க, அதுக்கப்புறம் உங்க டொமைன்ல இருந்து உண்மையான கஸ்டமருக்குப் போற பில்லுகூட ஸ்பேம்ல விழும். மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு நல்ல போர்டும் நோட்டும் கியூஆர் ஸ்டிக்கரும் அடிச்சு கடைல வைங்க.

கேள்வி: சேக்குற லிஸ்ட்ட எங்கக்கா வெக்கிறது? மெயில் அனுப்புற கம்பெனிய மாத்தினா எல்லாம் போயிடுமா?
(வாசகி, பண்ணைக்காடு)

பதில்: போகாது, நீங்க எடுத்து வெச்சிருந்தா. எந்த டூல்லயும் லிஸ்ட்ட எக்செல் ஃபைலா இறக்கற வசதி இருக்கும், மாசக் கடைசில கணக்குப் பாக்குறப்ப அதையும் இறக்கி, கம்ப்யூட்டர்ல ஒண்ணு, பென்டிரைவ்ல ஒண்ணு வெச்சிருங்க. பேர், மெயில், ஊர், என்ன வாங்கினாங்க, எந்த மாசம், எப்படி சம்மதம் குடுத்தாங்க (கடை நோட்டு, சைட், கண்காட்சி), இந்த ஆறு கட்டம் போதும். விலகினவங்க பேர் தனி ஃபைல்ல இருக்கட்டும், வேற டூலுக்கு மாறுறப்ப தெரியாம அவங்களுக்கு மறுபடி போயிடக் கூடாது. அடுத்தவங்க நம்பிக் குடுத்த விவரம் இது, கடைல வேல பாக்குற எல்லார் போன்லயும் அந்த ஃபைல் இருக்கணும்னு அவசியமில்ல, பக்கத்துக் கடைக்காரர் கேட்டாலும் குடுக்காதீங்க. நோட்டுப் புத்தகத்துல எழுதி வாங்கினத அன்னன்னைக்கே ஏத்திடுங்க, நம்ம ஊர் ஈரத்துல ஐப்பசி கார்த்திகைக்குள்ள மை ஊறிப் போயிடும்.